நான்கு டவுன், பத்து யார்டு: அமெரிக்கன் ஃபுட்பால் புதிதாகப் பார்க்கிறேன், விளக்குங்கள்

மதுரைமல்லி:

எல்லோருக்கும் வணக்கம். நான் சென்னையில் இரவுப் பணி பார்க்கிறேன். எங்கள் குழுவில் பாதிப்பேர் ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறார்கள். திங்கட்கிழமைக் கூட்டம் அந்த ஊர் அணியான ஈகிள்ஸ் பேச்சு இல்லாமல் தொடங்காது. கேட்டுக் கேட்டு ஆசை வந்து, 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை அதிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து பார்த்தேன். ஈகிள்ஸ் 40, சீஃப்ஸ் 22. ஆட்டம் மனதுக்குப் பிடித்துவிட்டது, ஆனால் நடந்ததில் பாதி புரியவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதைத்தான் டவுன் என்கிறார்கள். அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு. மைதானத்தின் முனையில் இருக்கும் எதிரணியின் என்ட் ஸோனுக்குள் பந்தோடு போனால் டச்டவுன், ஆறு புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், மூன்று புள்ளி.

இனி கேள்விகள். நான்கு வாய்ப்பு இருக்கும்போது மூன்றோடு நிறுத்திக்கொண்டு பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது ஏன்? நடுவில் குனிந்து நிற்கும் அந்த ஐந்து பெரிய ஆட்கள் யார்? அவர்கள் கைக்குப் பந்து போவதே இல்லையே? தவறு நடந்ததென்று நடுவர் எறியும் மஞ்சள் துணி விழுந்த பிறகும் சில நேரம் ஆட்டம் தொடர்வது ஏன்? நேரம் மிச்சம் இருக்கும்போதே, பந்தை வாங்கி எறிபவரான குவார்ட்டர்பேக் மண்டியிடுகிறார், உடனே எல்லோரும் கைகுலுக்குகிறார்கள். அது என்ன கணக்கு?

விதிகளை எழுத்தில் படித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆட்டம் பார்க்கும்போது கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

டல்லாஸ்வாசி:

வாங்க மல்லி. நான் டெக்சஸுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. எனக்கும் முதல் இரண்டு சீசன் இப்படித்தான் இருந்தது.

திரையின் ஓரத்தில் "3, 7" என்று எண்கள் வரும், கவனித்திருப்பீர்கள். மூன்றாவது டவுன், இன்னும் ஏழு யார்டு வேண்டும் என்று அர்த்தம். ஒவ்வொரு ஆட்டத் துண்டுக்கு முன்பும் முதலில் இதைப் பாருங்கள். கிரிக்கெட்டில் 12 பந்தில் 30 ரன் வேண்டும் என்றால் பேட்ஸ்மேன் என்ன செய்வார் என்று நமக்கே தெரிந்துவிடும் இல்லையா, இதுவும் அப்படித்தான். மூன்றாவது டவுனில் ஒரு யார்டு வேண்டும் என்றால் பெரும்பாலும் ஓட்டம். பன்னிரண்டு யார்டு வேண்டும் என்றால் எறிவார்கள், அது எதிரணிக்கும் தெரியும், அதனால் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்கப் பாய்வார்கள். இரண்டாவது டவுனில் இரண்டு யார்டு மட்டும் வேண்டும் என்றால் தாக்கும் அணிக்கு அதுதான் சுதந்திரமான இடம். நீளமாக எறிந்து தவறினாலும் பெரிய நஷ்டம் கிடையாது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. மைதானம் 100 யார்டு. உங்கள் அணி தன் பக்கத்து 30 யார்டு கோட்டில் நிற்கிறது, நான்காவது டவுன், ஆறு யார்டு வேண்டும் என்று வையுங்கள். முயன்று தோற்றால் எதிரணி அதே இடத்தில் பந்தை எடுத்துக்கொள்ளும். அங்கிருந்து அவர்களுக்கு டச்டவுன் 30 யார்டு தூரம்தான், ஒரு யார்டுகூட நகராமலே ஃபீல்டு கோல் அடித்துவிடலாம். அதற்குப் பதிலாக பந்தை உதைத்துக் கொடுத்தால், அதாவது பன்ட் செய்தால், நல்ல உதையில் 45 யார்டு போல போகும். எதிரணி தன் பக்கத்திலிருந்து நடையைத் தொடங்க வேண்டியிருக்கும். பந்தைக் கொடுத்து நிலத்தை வாங்குகிறோம். இந்த ஆட்டத்தில் நிலத்துக்கு விலை உண்டு. அது மனதில் பதிந்த நாளில்தான் எனக்கு ஆட்டம் திறந்தது.

மைதானத்தின் நடுப்பகுதியைத் தாண்டிவிட்டால் கணக்கு மாறும். ஃபீல்டு கோல் தூரத்தைக் கணக்கிட, பந்து இருக்கும் கோட்டோடு ஏறக்குறைய 17 யார்டு சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பம் என்ட் ஸோனின் பின்னால் இருக்கிறது, அது பத்து யார்டு. உதைப்பவர் ஏழு யார்டு பின்னால் நிற்பார். ஆக எதிரணியின் 30-ல் பந்து இருந்தால் 47 யார்டு உதை.

இன்னொன்று. திரையில் தெரியும் மஞ்சள் கோடு மைதானத்தில் கிடையாது. 1998-ல் தொலைக்காட்சிக்காரர்கள் கொண்டுவந்த வரைகலை அது. நிஜத்தில் ஓரத்தில் இரண்டு கம்பு, நடுவில் பத்து யார்டு சங்கிலி. நேரில் முதல்முறை போனபோது அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாம்பல்பூனை:

புள்ளிக் கணக்கில் ஒரு சேர்க்கை. டச்டவுனுக்குப் பிறகு ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு. உதைத்தால் ஒரு புள்ளி, இரண்டு யார்டு கோட்டிலிருந்து மறுபடி என்ட் ஸோனுக்குள் போனால் இரண்டு. 2015-ல் அந்த உதையை 33 யார்டுக்குத் தள்ளிவைத்தார்கள், அதனால் முன்போல அது நிச்சயம் இல்லை. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த என்ட் ஸோனிலேயே வீழ்த்தினால் சேஃப்டி. எதிரணிக்கு இரண்டு புள்ளி, அதோடு பந்தையும் அவர்களுக்கே உதைத்துத் தர வேண்டும்.

ரொறன்ரோ ராசன்:

நான் யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்தவன். இங்கே கனடாவுக்கு வந்த பிறகுதான் இந்த விளையாட்டு பழக்கம். தங்கச்சி, கனடாவில் இதற்கு ஒரு சகோதர விளையாட்டு இருக்கிறது. மூன்று டவுன்தான், பன்னிரண்டு பேர், மைதானம் 110 யார்டு நீளம். இரண்டையும் பார்த்தால் டவுன் என்ற யோசனை எப்படி வந்தது என்று நன்றாக விளங்கும்.

தொடக்கத்தில் இது ரக்பியின் பிள்ளைதான். பந்தை வைத்திருக்கும் அணி எவ்வளவு நேரமும் வைத்திருக்கலாம் என்று ஒரு காலம் இருந்தது. 1881-ல் யேல், பிரின்ஸ்டன் கல்லூரி அணிகள் ஆளுக்கு ஒரு பாதி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்று, புள்ளி இல்லாமல் முடித்தார்கள். சனம் கொதித்துப் போய்விட்டது. அடுத்த வருடமே வால்டர் கேம்ப் என்பவரின் யோசனைப்படி, மூன்று டவுனில் ஐந்து யார்டு போகாவிட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று விதி வந்தது. அந்தக் காலத்தில் முன்பக்கமாக எறிய அனுமதி இல்லை, எல்லோரும் கூட்டமாக மோதினார்கள். 1905-ல் மாணவர்கள் பலர் இறந்தார்கள், ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரரை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசும் நிலைமை வந்தது. 1906-ல் முன்னெறிதலை அனுமதித்தார்கள், ஐந்து யார்டு பத்து யார்டு ஆனது. 1912-ல் நான்காவது டவுன் சேர்ந்தது. நாங்கள் இங்கே மூன்றோடு நின்றுவிட்டோம்.

மதுரைமல்லி:

ராசன் அண்ணா, 1881 கதை கேட்டதும் டவுன் எதற்கு என்று சட்டெனப் புரிந்துவிட்டது. பந்தைப் பதுக்கக் கூடாது, அவ்வளவுதானே. டல்லாஸ் அண்ணாவுக்கும் நன்றி. சரி, அந்த ஐந்து பேர்?

கயல்:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். என் மகன் பள்ளி அணியில் அந்த ஐவரில் ஒருவன், ரைட் கார்டு. ஹூஸ்டன் பக்கம் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளி ஆட்டம், ஊரே மைதானத்தில் இருக்கும். மூன்று வருடமாக ஒரு ஆட்டம் விடாமல் பார்க்கிறேன். என் பிள்ளை கைக்கு ஒருமுறைகூடப் பந்து வந்ததில்லை.

நடுவில் இருப்பவர் சென்டர். பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுப்பவர். அதுதான் ஸ்னாப், அந்த நொடியில்தான் ஆட்டத் துண்டு தொடங்கும். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு கார்டு. அதற்கு வெளியே இரண்டு டேக்கிள். பெயரில் குழம்பாதீர்கள். எதிராளியை வீழ்த்துவதற்கும் டேக்கிள் என்றுதான் பெயர், இந்த ஆட்களின் இடத்துக்கும் அதே பெயர். தொழில்முறை ஆட்டத்தில் இவர்கள் பெரும்பாலும் 135, 140 கிலோ இருப்பார்கள்.

இவர்களுக்கு இரண்டு வேலை. எறியும்போது குவார்ட்டர்பேக்கைச் சுற்றி ஒரு வளையம் கட்டிப் பின்வாங்கியபடியே காப்பாற்ற வேண்டும். அதை எல்லோரும் பாக்கெட் என்கிறார்கள். இரண்டரை, மூன்று நொடி தாங்கினால் போதும், ஆனால் அந்த மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று மகனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஓட்டத்தின்போது நேர் எதிர். முன்னால் பாய்ந்து எதிராளியை நகர்த்தி வழி திறக்க வேண்டும்.

மல்லி, இதிலிருந்து உங்களுக்கு ஒரு தந்திரம் கிடைக்கிறது. ஸ்னாப் ஆனதும் பந்தைப் பார்க்காதீர்கள், இந்த ஐவரைப் பாருங்கள். பின்னால் நிமிர்ந்து நகர்ந்தால் எறியப் போகிறார்கள். முன்னால் தாழ்ந்து பாய்ந்தால் ஓட்டம். அறிவிப்பாளர் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். பொய்யாகப் பந்தை ஓட்டக்காரரிடம் நீட்டி, பிறகு எடுத்து எறிவதற்கு பிளே ஆக்‌ஷன் என்று பெயர். அப்போது இந்த ஐவரும் ஓட்டம் போலவே நடிப்பார்கள். லைன்பேக்கர் ஒரு அடி முன்னால் வந்துவிட்டால் போதும், அவர் முதுகுக்குப் பின்னால் இடம் திறந்துவிடும்.

லெஃப்ட் டேக்கிளுக்குத் தனி மதிப்பு. பெரும்பாலான குவார்ட்டர்பேக்குகள் வலது கைக்காரர்கள், எறியத் திரும்பும்போது இடப்பக்கம் முதுகாகிவிடும். தனக்குத் தெரியாமல் வருகிறவனை அந்த ஒருவர்தான் தடுக்க வேண்டும். உங்கள் ஈகிள்ஸிலேயே ஒருவர் இருக்கிறார், ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்தவர். வெளிநாட்டு வீரர்களுக்காக, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். 2018-ல், அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் ஏழாவது சுற்றில், 233-வது ஆளாக ஈகிள்ஸ் எடுத்தது. அதுவரை ஒரே ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடாதவர். ஆறடி எட்டங்குலம், 165 கிலோ. எங்கே நிற்க வேண்டும் என்பதிலிருந்து படித்து, நீங்கள் பார்த்த அந்த சூப்பர் பவுலில் லெஃப்ட் டேக்கிளாக நின்றார். வெளியிலிருந்து வருகிற ரசிகர் எல்லோரும் முதலில் அவரைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

என் மகன் சொல்வான், "அம்மா, என் பேரை மைக்கில் சொன்னால் நான் தப்பு செய்திருக்கிறேன்னு அர்த்தம்." அது உண்மை. இவர்கள் பெயர் வெளியே வருவது பெரும்பாலும் அபராதம் விழும்போதுதான். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சாம்பல்பூனை:

அருமை கயல் அக்கா.

டல்லாஸ்வாசி:

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்டர்பேக்குக்கு அருகில் ரன்னிங் பேக், பந்தை வாங்கி ஓடுபவர். ஓரங்களில் வைடு ரிசீவர்கள், ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள். டேக்கிளை ஒட்டி நிற்பவர் டைட் எண்ட். அவர் பாதி டேக்கிள், பாதி ரிசீவர், இரண்டு வேலையும் செய்வார்.

தடுப்பணியில் முன்வரிசையில் டிஃபென்சிவ் எண்ட், டிஃபென்சிவ் டேக்கிள். அடுத்து லைன்பேக்கர்கள். ரிசீவர்களைத் தொடர்பவர்கள் கார்னர்பேக். எல்லோருக்கும் பின்னால் காவலாக சேஃப்டி. ஆமாம், இரண்டு புள்ளிக்கும் அதே பெயர்தான். 4-3 என்றால் முன்வரிசையில் நான்கு, லைன்பேக்கர் மூன்று. 3-4 அதன் மறுபக்கம். ஆனால் இப்போது மூன்று ரிசீவர்களோடு ஆடும் அணிகள் அதிகம், அதனால் ஒரு லைன்பேக்கரை எடுத்துவிட்டு ஐந்தாவது பின்காவலரைப் போடும் நிக்கல் அமைப்பைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

தலைக்கவசத்தின் பின்னால் பச்சைப் புள்ளி தெரிந்தால் அதற்குள் ரேடியோ இருக்கிறது. தாக்குதலில் குவார்ட்டர்பேக், தடுப்பில் ஒருவர். பயிற்சியாளர் குரல் அவர்களுக்குக் கேட்கும். அடுத்த ஸ்னாப்புக்கான கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அது துண்டிக்கப்படும். அதன் பிறகு மைதானத்தில் இருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும். குவார்ட்டர்பேக் கையை ஆட்டி ஏதோ கத்துவதெல்லாம் அந்த 15 நொடியில்தான் நடக்கும்.

மதுரைமல்லி:

அந்த ஐவரும் பந்தைப் பிடிக்கவே கூடாதா? 2018 சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக்கே டச்டவுன் பிடித்ததை அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். அது மட்டும் எப்படி விதிக்குள் வருகிறது?

சுந்தரம்:

நல்ல கேள்வி. ஸ்னாப்பின்போது தாக்கும் அணியில் ஏழு பேர் பந்து இருக்கும் கோட்டில் நிற்க வேண்டும். அந்த ஏழில் இரண்டு கடைசி ஆட்கள் மட்டும் முன்னெறிதலைப் பிடிக்கலாம். கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும் பிடிக்கலாம். நடுவில் சிக்கிய ஐவருக்கு உரிமை இல்லை. என்.எஃப்.எல்.லில் குவார்ட்டர்பேக் சென்டரின் முதுகை ஒட்டி நின்று பந்தை வாங்கினால் அவருக்கும் உரிமை போய்விடும். தள்ளி நின்றால் உண்டு.

நீங்கள் சொல்வது ஃபில்லி ஸ்பெஷல். நான்காவது டவுன், ஒரு யார்டு. மூன்று புள்ளியை எடுத்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் பின்னால் நின்றார், பிறகு வலப்பக்க லைன்காரர்களிடம் ஏதோ சொல்வதுபோல் நடந்து போனார். ஸ்னாப் நேராக ரன்னிங் பேக்கான கோரி கிளெமென்ட்டுக்குப் போனது. அவர் டைட் எண்டான ட்ரே பர்ட்டனுக்குக் கொடுத்தார். கல்லூரிக் காலத்தில் குவார்ட்டர்பேக் ஆடியவர் அவர். அவர் எறிந்தார், யாரும் கவனிக்காத ஃபோல்ஸ் பிடித்தார். ஈகிள்ஸ் 41, பேட்ரியாட்ஸ் 33 என்று முடிந்தது. ஃபோல்ஸ் அந்த சீசனில் மாற்று ஆட்டக்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ்வாசி:

இந்த உரிமை விஷயத்தில் எங்கள் ஊரில் பெரிய சண்டையே நடந்தது. 50 முதல் 79 வரை எண் அணிந்தவர் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டியே நடுவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், நடுவர் அதை எதிரணிக்கு அறிவிப்பார். 2023 டிசம்பர் 30, எங்கள் டல்லாஸ் கவ்பாய்ஸுக்கும் டெட்ராய்ட் லயன்ஸுக்கும் ஆட்டம். கடைசி நிமிடத்தில் லயன்ஸ் டச்டவுன் போட்டு, ஒரு புள்ளியோடு சமன் செய்யாமல் இரண்டுக்குப் போனது. 68-ம் எண் டெய்லர் டெக்கர் என்ட் ஸோனில் பிடித்தார். தன்னிடம் சொன்னது 70-ம் எண் டான் ஸ்கிப்பர்தான் என்று நடுவர் அதைச் செல்லாததாக்கினார். 20-19, கவ்பாய்ஸ் வெற்றி. நான் கவ்பாய்ஸ் ரசிகன், ஆனாலும் அந்த வெற்றி எனக்கு இனிக்கவில்லை. டெக்கர் நடுவரை நோக்கிப் போனதை வீடியோவில் எல்லோரும் பார்த்தோம்.

கயல்:

அபராதம் பற்றி யாரும் சொல்லவில்லையே. மல்லி கேட்டது, துணி விழுந்தும் ஆட்டம் ஏன் ஓடுகிறது என்று. ஸ்னாப்புக்கு முன்பே தாக்கும் அணியில் யாராவது அசைந்தால் ஃபால்ஸ் ஸ்டார்ட், உடனே விசில், ஐந்து யார்டு பின்னால். ஆனால் தடுப்பணிக்காரர் கோட்டைத் தாண்டி நிற்கும்போது ஸ்னாப் ஆகிவிட்டால் பெரும்பாலும் விசில் ஊதமாட்டார்கள். ஏனென்றால் தவறிழைக்காத அணி அபராதத்தை ஏற்கலாம், அல்லது நடந்ததையே வைத்துக்கொள்ளலாம். அதனால் அந்தத் துண்டு தாக்கும் அணிக்கு இலவசம். துணியைப் பார்த்தவுடன் நல்ல குவார்ட்டர்பேக் நீளமாக எறிவார். எதிரணி பறித்தாலும் ஐந்து யார்டோடு திரும்ப ஆடலாம். ஆரன் ராட்ஜர்ஸ் இதில் தேர்ந்தவர்.

ஹோல்டிங் பத்து யார்டு. எதிராளியின் மார்புக்கு நேராகத் தள்ளலாம், சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தக் கூடாது. பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்தான் கொடுமையானது. பந்து வருவதற்கு முன்பே தடுப்பாளர் ரிசீவரை இடித்தால், என்.எஃப்.எல்.லில் இடித்த இடத்திலேயே பந்து வைக்கப்படும். நாற்பது யார்டு தள்ளி இடித்திருந்தால் நாற்பது யார்டும் போச்சு. கல்லூரியில் அதிகபட்சம் பதினைந்துதான்.

மதுரைமல்லி:

அப்புறம் அந்த மண்டியிடுதல்?

சுந்தரம்:

அது கடிகாரம். மல்லி, நிலத்தை அண்ணன் சொல்லிவிட்டார், மிச்சம் இருப்பது நேரம். ஓடியவர் மைதானத்துக்குள் விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எறிந்த பந்து பிடிபடாமல் தரையில் விழுந்தால் நிற்கும். கடைசி நிமிடங்களில் கோட்டுக்கு வெளியே போனாலும் நிற்கும். கடிகாரத்தை நிறுத்த ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாதிக்கு மூன்று டைம் அவுட். அடுத்த ஸ்னாப்புக்கு 40 நொடி வரை எடுத்துக்கொள்ளலாம். எதிரணியிடம் டைம் அவுட் இல்லை, இரண்டு நிமிடத்துக்குள் இருக்கிறது, உங்களுக்கு முதல் டவுன் கிடைத்துவிட்டது என்றால், மூன்றுமுறை மண்டியிட்டாலே நேரம் தீர்ந்துவிடும். பந்தை ஒப்படைக்கவோ நழுவவிடவோ வாய்ப்பே கொடுக்காமல் முடிப்பது. அதனால்தான் கைகுலுக்கல்.

இதைவிட அழகானது 2023 சூப்பர் பவுல். 35-35. சீஃப்ஸின் ஜெரிக் மெக்கின்னன் திறந்த வழியில் ஓடினார், டச்டவுன் கண்ணெதிரே. ஆனால் கோட்டுக்குச் சற்று முன்னால் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். உள்ளே போயிருந்தால் ஈகிள்ஸ் கையில் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பந்து இருந்திருக்கும். உட்கார்ந்ததால் நேரம் கரைந்தது, எட்டு நொடி மிச்சத்தில் ஃபீல்டு கோல், 38-35. உலகின் மிகப் பெரிய ஆட்டத்தில் ஒரு ஆள் டச்டவுனை வேண்டாம் என்று உட்கார்வது எவ்வளவு பெரிய தெளிவு!

மதுரைமல்லி:

எங்கள் அலுவலகத்தில் அந்த ஆண்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், காரணம் இப்போது புரிகிறது. கடைசியாக ஒன்று. 2015 சூப்பர் பவுலில் சீஹாக்ஸ் ஒரு யார்டு தூரத்தில் எறிந்து, பந்தை எதிரணி பறித்துத் தோற்றது. எல்லோரும் அதை மடத்தனம் என்கிறார்கள். நிஜமாகவே அப்படியா?

டல்லாஸ்வாசி:

நிஜமாகவே. மார்ஷான் லின்ச் போன்ற ஓட்டக்காரர் பின்னால் நிற்கிறார், ஒரு யார்டு. கொடுத்திருக்க வேண்டும்.

சுந்தரம்:

நான் ஒப்புக்கொள்ளவில்லை அண்ணா. நிலைமையைப் பாருங்கள். பேட்ரியாட்ஸ் 28, சீஹாக்ஸ் 24. இரண்டாவது டவுன், 26 நொடி, சீஹாக்ஸிடம் ஒரே ஒரு டைம் அவுட். லின்ச் ஓடி நின்றுவிட்டால் டைம் அவுட் எடுக்க வேண்டும். மூன்றாவதிலும் ஓடி நின்றால் கடிகாரம் ஓடும், எல்லோரும் எழுந்து வரிசையில் நிற்பதற்குள் நான்காவது முயற்சியே கிடைக்காமல் போகலாம். மூன்று முயற்சியும் வேண்டுமென்றால் ஒன்றாவது எறிதலாக இருக்க வேண்டும். பிடிபடாவிட்டால் கடிகாரம் நிற்கும், டைம் அவுட்டும் மிஞ்சும். எறிந்ததில் தப்பில்லை.

டல்லாஸ்வாசி:

கணக்கு சரி, தேர்ந்தெடுத்த எறிதல் சரியில்லை. கூட்டத்துக்கு நடுவே குறுக்காக வெட்டி ஓடும் ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு எறிந்தார்கள். யார் கையிலாவது பட்டுத் தெறிக்கக்கூடிய இடம் அது. ஓரத்தில் உயர எறிந்திருந்தால் லாக்கெட் பிடிப்பார், இல்லாவிட்டால் வெளியே போகும்.

சுந்தரம்:

அது நியாயமான பேச்சு. ஆனால் மால்கம் பட்லருக்கும் பங்கு கொடுங்கள். டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத புதுமுகம். பயிற்சியில் இதே ஆட்டத்தில் தோற்றவர், அந்த வடிவத்தைக் கண்டதும் அடையாளம் தெரிந்து பாய்ந்தார். சீஹாக்ஸ் தோற்றதைவிட அவர் வென்றார் என்றுதான் நான் சொல்வேன்.

ரொறன்ரோ ராசன்:

பிரண்டன் ப்ரவுனரை மறந்துவிட்டீர்கள். முன்னால் நின்ற ரிசீவரை அசையவிடாமல் அவர் மறித்ததால்தான் பட்லருக்குப் பாதை கிடைத்தது. அந்த ஓட்டத்தில் ஒருவர் இன்னொருவரை மறைக்க வேண்டும், அந்த மறைப்பை ப்ரவுனர் உடைத்துவிட்டார். அவர் கனடாவில், கல்கரி அணியில் ஆடியவர். அதனால் எனக்குக் கொஞ்சம் பாசம்.

டல்லாஸ்வாசி:

ராசன் அண்ணா சொன்னது சரி. நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ப்ரவுனரைக் கவனித்ததில்லை. இன்றிரவு மறுபடி பார்க்கிறேன்.

சாம்பல்பூனை:

மல்லிக்கு நேர விவரம். கிழக்கு அமெரிக்காவில் ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டம் நமக்கு இரவு 10:30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு 11:30. ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை ஆறு மணியை ஒட்டி, நவம்பருக்குப் பிறகு ஏழை ஒட்டி. முழு ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும், ஆனால் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது பத்துப் பதினொரு நிமிடம்தான். இடைவெளிகளை வெட்டிய பதிவுகள் கிடைக்கும், வேலைநாளில் அது போதும். ஆனால் கற்றுக்கொள்ளும் காலத்தில் முழு ஆட்டம் பாருங்கள். அந்த இடைவெளியில்தான் டவுனையும் தூரத்தையும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

மதுரைமல்லி:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கயல் அக்கா சொன்னபடி செய்து பார்த்தேன். ஞாயிறு இரவு ஈகிள்ஸ் ஆட்டத்தில் முதல் கால்பகுதி முழுவதும் 68-ம் எண் மைலாட்டாவை மட்டும் பார்த்தேன். பந்து எங்கே போனது என்று பல நேரம் தெரியவில்லை. ஆனால் ஓட்டமா எறிதலா என்று முதல் நொடியிலேயே சொல்ல முடிந்தது. தப்பானது நான்கைந்து முறைதான், அவற்றில் இரண்டு பிளே ஆக்‌ஷன். ஒருமுறை எதிராளி அவரைச் சுற்றி வெளியே வேகமாக ஓடினார். மைலாட்டா துரத்தவே இல்லை. ஒரு கையால் அவரைப் பின்னால் தள்ளிவிட்டார், அந்த ஆள் குவார்ட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் போய்விட்டார், குவார்ட்டர்பேக் முன்னால் ஒரு அடி வைத்து எறிந்தார்.

அது வேண்டுமென்றே செய்ததா அக்கா?

கயல்:

வேண்டுமென்றேதான். எதிராளி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறாரோ அந்தப் பக்கமே போகவிட்டு, கொஞ்சம் அதிகமாகப் போகவைப்பது. குவார்ட்டர்பேக் முன்னால் அடி வைப்பார் என்று லைன்காரருக்குத் தெரியும். லைன்காரர் அப்படித் தள்ளுவார் என்று குவார்ட்டர்பேக்குக்குத் தெரியும். என் மகன் இப்போது அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறான். அடுத்த ஞாயிறு வலப்பக்க டேக்கிளைப் பாருங்கள், அவருடைய கால் வேறு மாதிரி வேலை செய்யும்.